டொக்... டொக்... வாசலில் யாரு?

மூன்று மாதமாக அடித்துக்கொண்டிருக்கிறேன். கிட்டாரின் 12வது ஃப்ரெட்டுக்கு, அதாவது கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் 12வது உலோகக் கோட்டுக்கு, மேலே கம்பியை விரலால் தட்டினால் கோயில் மணி மாதிரி 'டிங்' என்று ஒலிக்க வேண்டும். அதற்குப் பெயர் ஹார்மோனிக். எனக்கு வருவது 'டொக்'. இன்று காலையும் டொக்தான்.

எல்லா வீடியோவிலும் ஒரே பாட்டு: "மணிக்கட்டைத் தளர்வாக வைங்க, அவ்வளவுதான்." அவ்வளவுதானாம்! என் மணிக்கட்டு தளர்ந்து, தோள் தளர்ந்து, மனசும் தளர்ந்தாச்சு. எங்கே அடிக்கணும் என்று ஒருத்தராவது சொன்னாரா? இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் இல்லை, அந்த உலோகக் கோட்டுக்கு நேர் மேலே அடிக்கணும். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாதம். 12 என்பது கம்பியின் சரிபாதி. 7 மூன்றில் ஒரு பங்கு, 5 கால் பங்கு. அங்கேயிருந்து ஒரு அரிசி அளவு தள்ளி அடித்தாலும் போச்சு. விரலும் பட்டவுடன் திரும்பி வந்துவிட வேண்டும், அயர்ன் பாக்ஸ் சூடாகிவிட்டதா என்று தொட்டுப் பார்ப்போமே, அந்த வேகத்தில். அரை நொடி தங்கினால் நாமே ஒலியின் கழுத்தை நெரித்த மாதிரி.

இதைவிடக் கொடுமை, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) போட்டுவிட்டு இரண்டு வாரம் 12லேயே அடித்துக்கொண்டிருந்தது. கேப்போ போட்டால் கம்பியின் பாதியும் நகர்ந்து 14க்குப் போய்விடும். சொல்லித் தொலைத்திருக்கலாம் இல்லையா? காசு கட்டிச் சேர்ந்த கிளாஸில் கேட்டால், "முதல்ல கிரேடு எக்ஸாம் முடிங்க சார்" என்கிறார்கள்.

அப்புறம் இந்தத் திருவான்மியூர் காற்று. கடற்கரை இரண்டு தெரு தள்ளி. வாடகை பேசும்போது "சார், பீச் காத்து சும்மா ஜிலுஜிலுன்னு வரும்" என்று புரோக்கர் சொன்னார். வருது, உப்போடு. 800 ரூபாய் கொடுத்து வாங்கிய கம்பி செட் மூன்றே வாரத்தில் துருப்பிடித்துக் கறுத்துப் போகிறது. செத்த கம்பியில் சும்மா மீட்டினாலே ஓசை மந்தம், இதில் ஹார்மோனிக் எங்கிருந்து வரும்? போன வெள்ளிக்கிழமை முதல் கம்பியை 'ஈ' சுரத்திலிருந்து 'டி' சுரத்துக்கு இறக்கி வாசித்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்குத் திரும்ப ஏற்றினேன். பட்! அறுந்து கன்னத்தில் ஒரு கோடு போட்டது. அந்த நேரத்துக்கு எந்தக் கடை திறந்திருக்கும்?

எதிர் வீட்டுப் பையனுக்குப் பத்து வயசுகூட இருக்காது, மிருதங்கம் கற்கிறான். மோதிர விரலைக் கரணை (தோலின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம்) ஓரத்தில் பட்டும் படாமலும் வைத்து, ஆள்காட்டி விரலால் விளிம்பில் ஒரு மீட்டு. 'நம்' என்று கணீரென வருகிறது. யோசித்துப் பார்த்தால் அதுவும் ஹார்மோனிக் வேலைதான். கரணை போட்ட தோலில், அடிப்படைச் சுரத்தோடு கூடவே ஒலிக்கும் மேல்சுரங்கள் எப்படி ஒழுங்காக அமைகின்றன என்று சி.வி. ராமன் 1920லேயே எழுதிவிட்டார். ஆனால் பையனுக்கு ராமன் எதற்கு? விரல் தப்பினால் பிடித்து நகர்த்தி வைக்க வாத்தியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். என் வாத்தியார் செல்போனுக்குள் சிரித்துக்கொண்டே இருக்கிறார். அவர் கிட்டாருக்குள் ஒலியைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப், மேலே எக்கோ வேறு. தும்மினால்கூட ஹார்மோனிக் மாதிரிதான் கேட்கும்! 1980களில் அமெரிக்க கிட்டார் கலைஞர் மைக்கேல் ஹெட்ஜஸ் இப்படியெல்லாம் தட்டி வாசித்தபோது யூடியூப்பே கிடையாது என்பதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

வீட்டில் அம்மா நிலைமை தனி. நான் கிட்டார் உடம்பில் உள்ளங்கையால் தட்டும் ஒவ்வொரு முறையும் கதவுதான் தட்டுகிறார்கள் என்று எழுந்து போவார். முதல் வாரம் நாலு தடவை திறந்து பார்த்தார். இப்போது அசைவதே இல்லை. நேற்று தண்ணீர் கேன் போடுகிறவர் நிஜமாகவே வந்து தட்டியிருக்கிறார். "உன் டொக்குன்னு நினைச்சேண்டா" என்கிறார் அம்மா. தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஆள் போய்விட்டார். வீட்டில் இப்போது குடிக்கத் தண்ணீர் இல்லை.