நீதிபதியை உறுதிசெய்ய 60 ஓட்டு தேவையில்லை
அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியை உறுதிசெய்ய செனட்டில் 60 ஓட்டு வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியில்லைங்க, சாதாரணப் பெரும்பான்மை போதும். 60 என்பது ஃபிலிபஸ்டரை (வாக்கெடுப்பைத் தடுக்க விவாதத்தை நீட்டிக்கொண்டே போகும் உத்தி) மீறி விவாதத்தை முடித்துவைக்கத் தேவைப்பட்ட எண்ணிக்கை. கீழ் நீதிமன்ற நியமனங்களுக்கு அதை 2013-இல் ஜனநாயகக் கட்சியினர் கைவிட்டார்கள். உச்ச நீதிமன்றத்துக்கு 2017 ஏப்ரலில், நீல் கோர்சச் நியமனத்தின்போது, குடியரசுக் கட்சியினர். பெரும்பாலான மசோதாக்களுக்கு அந்த 60 இன்னும் இருக்கிறது, குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். சொல்லப்போனால் பழைய விதி இருந்தபோதே, 1991-இல், கிளாரன்ஸ் தாமஸ் 52–48 என்றுதான் தேறினார். செனட்டின் இணையதளத்தில் வாக்கெடுப்புப் பட்டியல் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. அதில் 2018 அக்டோபரில் பிரெட் கவனாவுக்கு விழுந்ததைத் தேடிப் பாருங்கள்: 50–48.