நிவாரணப் பட்டியலில் என்னய்யா ரகசியம்?

மீன்பிடித் தடைக்கால நிவாரணம் எங்கள் ஊரில் யார் யாருக்குப் போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், "தனிநபர் தகவல், வழங்க இயலாது" என்று ஒற்றை வரியில் பதில் வருகிறது. வயிறு எரிகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கும், அந்த நாளுக்காக அரசு கொடுக்கிற காசு அது. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் அதை நம்பித்தான் மளிகைக் கடையில் கடன் சொல்லி வைக்கிறார்கள். கடலுக்கே போகாத ஆட்கள் பெயரெல்லாம் பட்டியலில் இருக்கிறது, காலமெல்லாம் வலை இழுத்தவர் பெயர் விட்டுப்போச்சு என்று ஊரே பேசுகிறது. பட்டியலைக் காட்டினால்தானே நிஜமா பொய்யா என்று தெரியும்?

கேட்டால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டுகிறார்கள். 2012 கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் கேட்டது ஓர் அரசு ஊழியரின் மெமோ, தண்டனை, சொத்து, வருமான வரிக் கணக்கு. அது தனிப்பட்ட விவரம் என்றார்கள், அதையும் பெரிய பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று வழி விட்டுத்தான் சொன்னார்கள். நிவாரணப் பட்டியல் இதில் எங்கே வந்தது? 2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது, அரசு நம் வாழ்க்கைக்குள் இஷ்டத்துக்கு நுழையக் கூடாது என்பதற்காக. அதை வைத்தே அலுவலகம் தன் பீரோவைப் பூட்டிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, தனிநபர் தகவலை எப்போது மறுக்கலாம் என்று சொல்கிற தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையே 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் வெட்டிச் சுருக்கிவிட்டது. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாததைச் சாதாரண ஆளுக்கும் மறுக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி இருந்தது. அதுவும் போச்சு.

எங்கள் அந்தரங்கத்தை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், பாஸ்புக் நகல் எல்லாம் வாங்கிக் கயிறு கட்டி மேசைக்கு அடியில் போட்டிருக்கிறார்கள், வருகிறவர் போகிறவர் யார் வேண்டுமானாலும் புரட்டலாம். அங்கே யாருக்கும் அந்தரங்கம் ஞாபகம் வரவில்லை.

நான் யாருடைய கணக்கு எண்ணையும் கேட்கவில்லை. மானியத் திட்டப் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு சொல்கிறது. பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்கிற 8(2)-உம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. இரண்டையும் எழுதி மேல்முறையீடு போட்டுவிட்டேன். பெயர், ஊர், பணம் போன தேதி, இவ்வளவுதான் வேண்டும். எனக்கு அனுப்பக்கூட வேண்டாம், ஏலக்கூடச் சுவரில் ஒட்டுங்கள், யார் கடலுக்குப் போகிறவர், யார் போகாதவர் என்று ஊர்ச்சனமே சொல்லிவிடும்.