அது அவர் படம் இல்லை

மார்ச் 1 அன்று நடந்ததைப் பார்த்தவர்களுக்கு முன்கதை வேண்டாம். பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: குஜராத்தி எழுத்தாளர் தாரக் மேத்தாவின் நினைவு நாளுக்குப் போட்ட அஞ்சலிப் பதிவில் இருந்தது வேறொருவர் படம், அதைச் சொல்லி நான் ஒரு கமெண்ட் போட்டேன். இன்னும் அழிக்காமல் வைத்திருந்தால் தேடிப் படித்துக்கொள்ளுங்கள். மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். உனக்கு எதுக்கு இந்த வேலை, பிபி மாத்திரை போட்டியா என்று வீட்டிலும் கேட்டாகிவிட்டது. ஆனால் "அங்கிள், இதுல என்ன பெரிய வித்தியாசம்?" என்று ஒரு பதில் வந்ததே, அதுதான் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது.

வித்தியாசம் இருக்கிறது தம்பி. ஒருவர் காலமானவர். இன்னொருவர் உயிரோடு இருக்கிறார்.

தாரக் மேத்தா 2017 மார்ச் 1 அன்று அகமதாபாத்தில் இறந்தார், 87 வயதில். நீங்கள் மாலை போட்டு, விளக்கு ஏற்றி, கீழே 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதி வைத்திருப்பது 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா' என்ற ஹிந்தி டிவி சீரியலில் அவர் பெயர் கொண்ட பாத்திரத்தில் நடித்தவரின் படத்துக்கு. அவர் நன்றாக இருக்கிறார், நூறாண்டு இருக்கட்டும். அதிலும் பாருங்கள், அந்த நடிகர் 2022இலேயே சீரியலை விட்டுப் போய்விட்டார், அந்த வேடத்துக்கு வேறொருவர் வந்தாயிற்று. தப்பான படம்தான் போடுவது என்று முடிவு செய்த பிறகு அதிலாவது அப்டேட்டாக இருந்திருக்கலாம்.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. அவர் எழுத்தாளர். சீரியல் இல்லை. எழுதினார். உட்கார்ந்து, பேனா பிடித்து, வாரா வாரம் எழுதினார். இதைச் சொன்னதற்குத்தான் நாற்பது சிரிப்பு எமோஜி.

1971 மார்ச்சில் 'சித்ரலேகா' வார இதழில் அவர் பத்தி தொடங்கியது. 'துனியானே ஊந்தா சஷ்மா', அதாவது உலகத்துக்குத் தலைகீழ்க் கண்ணாடி. அந்தப் பத்தியை வைத்து சீரியல் வந்தது 2008 ஜூலை 28. நடுவில் எத்தனை வருஷம் என்று கணக்குப் போடுங்கள், முப்பத்தேழு. அந்த முப்பத்தேழு வருஷமும் ஜேட்டாலாலும் அவன் மகன் டப்புவும் அப்பா சம்பக்லாலும் காகிதத்தில்தான் இருந்தார்கள். பின்னணி இசை கிடையாது, யாராவது விழுந்தால் 'டொய்ங்' என்று சத்தம் கிடையாது. வெறும் எழுத்தை வைத்துக்கொண்டு ஜனங்களைச் சிரிக்க வைத்த மனிதர். புத்தகம் மட்டும் எண்பது வரும்.

அந்தப் பத்தியின் தலைப்பில் அவர் பெயரே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதில் இருந்தது துனியா, உலகம். சீரியல்காரர்கள் உலகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'தாரக் மேத்தா' என்று வைத்தார்கள். மரியாதைக்காகத்தான் வைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் நடந்தது என்ன? மற்ற எழுத்தாளர்களை டைட்டிலில் பெயர் போடாததால் மறக்கிறோம். இவரை, பெயர் போட்டதாலேயே மறந்துவிட்டோம். பெயர் சீரியலோடு போய்விட்டது, ஆள் மட்டும் தனியாக நிற்கிறார்.

அவர் பிழைப்பு என்ன தெரியுமா? 1960இலிருந்து 1986 வரை மும்பையில் சர்க்கார் ஆவணப்பட இலாகாவான ஃபிலிம்ஸ் டிவிஷனில் வேலை, வர்ணனை எழுதுபவர், கெஜட்டட் அதிகாரி. என் வயசுக்காரர்களுக்கு ஃபிலிம்ஸ் டிவிஷன் என்றால் சொல்ல வேண்டியதில்லை. தியேட்டரில் மெயின் படம் போடுவதற்கு முன்னால் கறுப்பு வெள்ளையில் அணை கட்டுவார்கள், கோதுமை விளையும், கனத்த குரலில் ஒருவர் நாட்டு முன்னேற்றத்தைச் சொல்லிக்கொண்டே போவார், நாம் முறுக்கு வாங்க வெளியே போய்விடுவோம். அந்த இலாகாவில் பகலெல்லாம் கண்ணாடியை நேராகப் போட்டுக்கொண்டு சர்க்கார் வாக்கியம் எழுதிய அதே கைதான் இந்தப் பக்கம் வந்து கண்ணாடியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு எழுதியது. எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான்.

அதற்கு முன்னால் குஜராத்தி நாட்ய மண்டல் என்ற நாடக அமைப்பில் வேலை, 'பிரஜாதந்த்ர' நாளிதழில் துணை ஆசிரியர். மேடைக்கு நாடகங்களும் எழுதினார். நாடகம் எழுதிய கை என்பது பத்தியில் தெரியும். ஒருவன் ஒரு வரி பேசுவான், அடுத்தவன் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு பதில் சொல்வான், அவ்வளவுதான், தேர் கிளம்பிவிடும்.

"குஜராத்தி எழுத்தாளருக்கு உனக்கென்ன வந்தது, நீ தமிழன்தானே" என்று இன்பாக்ஸில் ஒருவர். வந்ததுதான் ஐயா. நான் வளர்ந்தது மும்பை மாட்டுங்காவில். எங்கள் மாடியில் இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ஒரு குஜராத்திக் குடும்பம், நடுவில் எப்போதும் சாத்தாத இரண்டு கதவுகள். அந்த வீட்டுப் பெரியவரை நாங்கள் காகா என்று கூப்பிட வேண்டும், குஜராத்தியில் சித்தப்பா. ஊரிலிருந்து வந்த எங்கள் பாட்டி, பாவம் நல்ல மனுஷனைப் போய்க் காக்கா என்கிறீர்களே என்று எங்களைத் திட்டினாள்.

சித்ரலேகா வந்த நாள் சாயங்காலம் காகா ஊஞ்சலில் உட்கார்ந்து தாரக்பாயைச் சத்தமாகப் படிப்பார். அவர் மனைவி காகி உள்ளே தேப்லா ரொட்டி இட்டுக்கொண்டே கேட்பாள். சிரிப்பு வந்தால் மாவுக் கையாலேயே வாயைப் பொத்திக்கொள்வாள், கன்னத்தில் ஐந்து விரலும் வெள்ளையாக விழும். எங்கள் அம்மா கதவோரம் நின்று என்ன என்ன என்று கேட்பாள். காகி அதை பம்பாய் ஹிந்தியில் சொல்வாள், அம்மா அதை மனசுக்குள் தமிழாக்கிக்கொண்டு, எல்லோரும் சிரித்து முடித்து ஐந்து நிமிஷம் கழித்து, அடுப்படியில் தனியாகச் சிரிப்பாள். அப்பாவுக்கு அதைக் கேட்டால் பயமாக இருக்கும்.

நான் குஜராத்தி எழுத்துப் படித்ததே அந்தப் பத்திக்காகத்தான். தலைக்கோடு இல்லாத ஹிந்தி மாதிரி இருக்கும், ஒரு மாதத்தில் பிடிபட்டுவிட்டது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு காகாவுக்கு மருமகள் படித்துக் காட்டினாள், அவளுக்கு அந்த இழுவை வராது. "நிறுத்து, அந்த இடத்தில் நிறுத்தணும்" என்று கண்ணில் பச்சைத் துணியோடு ஊஞ்சலில் இருந்தபடியே அதட்டுவார்.

சீரியல் வந்ததும் காகா நாலு நாள் பார்த்தார். நல்லாத்தான் இருக்கிறது என்றார். அப்புறம், "எழுத்தில் இருந்த ஜேட்டா இன்னும் கொஞ்சம் போக்கிரி" என்றார். ஐந்தாம் நாள் ஊஞ்சலைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

சரி, கேட்பீர்கள். சீரியல் இல்லாவிட்டால் தாரக் மேத்தா பெயர் குஜராத்திகளைத் தவிர யாருக்குத் தெரிந்திருக்கும்? நியாயமான கேள்வி. தெரிந்திருக்காது. ஒத்துக்கொள்கிறேன். நாலாயிரம் எபிசோடுக்கு மேல் ஓடும் சீரியல், நானும் சாப்பிடும்போது பார்க்கிறவன்தான், ஜேட்டாலாலாக வரும் திலீப் ஜோஷி குஜராத்தி மேடையிலிருந்து வந்த பிரமாதமான நடிகர். ஆனால் தெரிந்தது எது? பெயர் தெரிந்தது. ஆள் தெரியவில்லையே. தெரிந்திருந்தால் மாலை சரியான படத்துக்கு விழுந்திருக்குமே.

"அந்த சீரியலில் ஐயர் என்று ஒருவரை வைத்துத் தமிழர்களைக் கிண்டல் செய்கிறார்கள், நீ அதற்கு வக்காலத்தா?" இது இன்னொருவர். நான் சீரியலுக்கு வக்காலத்து வாங்கவில்லை என்பதைத்தானே காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்! அந்த ஐயராக நடிப்பவர் தமிழரே இல்லை, அவர் 'ஐயோ' சொல்லும் விதத்தில் எனக்கும் பல் கூசும். அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன். இப்போது அது இல்லை விஷயம்.

"பழைய நகைச்சுவையெல்லாம் இன்றைக்கு ஏற்காது, மனைவி ஜோக்." சில இடங்களில் நெளியத்தான் வேண்டியிருக்கிறது. மேலே போவோம்.

"அவருக்கு அங்கீகாரம் கிடைக்கவில்லையா என்ன?" கிடைத்தது. 2011இல் குஜராத் சாகித்ய அகாதமியின் சாகித்ய கௌரவ விருது. 2015இல் பத்மஸ்ரீ, அப்போது அவருக்கு 85 வயது. நகைச்சுவை எழுதுகிறவனுக்கு மரியாதை வர அவன் பல்லெல்லாம் விழ வேண்டும் போலிருக்கிறது. ஜோதீந்திர தவே, வினோத் பட் என்று பெரிய ஹாஸ்ய வரிசையே இருக்கிற மொழியில் இந்த நிலைமை. அழ வைத்தால் இலக்கியம், சிரிக்க வைத்தால் பொழுதுபோக்கு.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என் தங்கை கேட்டாள். அவள் கேட்கக் கூடாது. காரணமே அவள் வீட்டில்தான் இருக்கிறது. பத்து வருஷமாக நானும் ஏதோ நாலு சிரிப்புக் கட்டுரை எழுதுகிறேன். ஒரு விழாவில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள், குழந்தைகள் நடனம் முடிந்து சாப்பாடு தொடங்குவதற்குள் ஐந்து நிமிஷம், "நீங்க காமெடிதானே சார், சுருக்கமா முடிச்சிடுவீங்க." போகட்டும். போன தீபாவளிக்கு, ரேஷன் கார்டில் என் பெயர் தப்பாக வந்ததைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை, என் தங்கை கணவர் எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மேலே வேறு யாரோ பெயர். கீழே மாப்பிள்ளையின் குறிப்பு: "மச்சான், படிச்சுப் பாருங்க, இந்த மாதிரி எழுதப் பழகுங்க."

அது நான் எழுதியது என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. கட்டைவிரல் எமோஜி போட்டேன்.

அது என் கதை. அவர் கதையோடு ஒட்டாது, தெரியும். எண்பது புத்தகம் எங்கே, என் நாலு கட்டுரை எங்கே. ஆனால் யார் எழுதினால் என்ன, சிரிப்பு வந்தால் சரி என்று அந்தத் தம்பி இரண்டாவதாக ஒரு பதில் போட்டாரே, அதைப் படித்தபோது எனக்கு அந்தக் கட்டைவிரல்தான் ஞாபகம் வந்தது. தாரக் மேத்தாவின் உடலைக்கூட அவர் குடும்பத்தார் மருத்துவப் படிப்புக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது பெயரும் ஒரு முகமும். முகத்தையாவது அவருக்கே விடுங்கள் என்றேன். இதற்கு அங்கிள், பூமர்.

சரியான படத்தையும் கமெண்டில் போட்டேன், நரைத்த தலை, பெரிய கண்ணாடி. அதற்குக் கீழே ஒருவர் கேட்கிறார்: "இவர் சீரியல்ல எந்த கேரக்டர்?"

இப்போதுதான் போய்ப் பார்த்தேன். மாலை அதே படத்தில்தான் தொங்குகிறது.