மாசி வளவும் கிழிந்த சிறகுகளும்

வன்னியில் வண்ணத்துப்பூச்சிகளை மிக அண்மையில் நின்று படமெடுக்க உகந்த காலம் எது என்று கேட்டால், மாரி மழையில் வளவெல்லாம் பூத்துக் கிடக்கும் மார்கழியை நான் சொல்லமாட்டேன். ஜினியா விதைகட்டிக் கருகத் தொடங்கி, பயற்றைக் கொடி மஞ்சளாகி, கத்தரி தன் கடைசிப் பூக்களைக் காட்டும் மாசியின் பின்பாதியையே சொல்வேன். ஒட்டுசுட்டான் பக்கத்து நண்பர்கள் பலர் இதை ஏற்பதில்லை. அந்நேரத்தில் செடியும் பார்க்க நன்றாக இல்லை, பூச்சியின் சிறகும் முழுதாக இல்லை என்பது அவர்களுடைய வாதம். அந்த இரண்டாவது குறைதான் எனக்கு அந்தக் காலத்தின் பெருமை.

முதலில் வசதியைச் சொல்லிவிடுகிறேன். எங்கும் பூ இருக்கும்போது வண்ணத்துப்பூச்சி எங்கும் போகும். நாம் அதன் பின்னால் அலைவோம். நாலைந்து செடிகளில் மட்டும் தேன் எஞ்சியிருக்கும்போது அது அவற்றுக்கே திரும்பத் திரும்ப வரும், ஒரு செடியருகே குந்தியிருந்தால் போதும். மாசிப் பனி இன்னொரு உதவி. பறக்கும் தசைகள் ஏறக்குறைய 30 பாகை செல்சியசுக்குச் சூடேறாமல் பெரும்பாலான வண்ணத்துப்பூச்சிகள் நன்றாகப் பறக்கமாட்டா என்பதால், காலை வெயில் ஏறும்வரை அவை இலைமேல் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும். நம் நிழல் அவற்றின்மேல் விழாமல், தாழ்வாக, மெதுவாக நெருங்கினால் அந்த வேளையில் ஓடிவிடுவது குறைவு. பற்றைக்குள் இறங்கித் துரத்துவதைவிட இது எவ்வளவோ மேல்; முகமாலைப் பக்கம் போன்று கண்ணிவெடி அகற்றும் பணி நெடுங்காலம் நடந்த மண்ணில், பூச்சியைப் பார்த்தபடி பாதையை விட்டு விலகுவது அறிவான காரியமும் அல்ல.

இனிக் கிழிந்த சிறகுக்கு வருகிறேன். கூட்டிலிருந்து வெளிவந்து சிறகு விரிந்த வண்ணத்துப்பூச்சிக்கு அதன்பின் சிறகு வளர்வதுமில்லை, கிழிசல் ஆறுவதுமில்லை. உதிர்ந்த செதிலுக்கு மாற்றாக வேறொரு செதில் முளைப்பதுமில்லை. ஆகவே அது பிழைத்த நாள்களின் கணக்கு முழுவதும் சிறகிலேயே இருக்கிறது. இரண்டு பின்சிறகுகளிலும் ஒரே இடத்தில், ஒரே வடிவில் ஒரு துண்டு காணாமற்போயிருந்தால், அது சிறகை மூடி அமர்ந்திருந்தபோது ஒரு பறவையோ ஓணானோ கவ்வியிருக்கிறது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் நார்நாராகக் கிழிந்திருந்தால் முள்ளிலோ வேலியிலோ உரசியிருக்கக்கூடும். செதில் முழுதும் உதிர்ந்த இடத்தில் சிறகு கண்ணாடித்தாள்போல் ஒளி ஊடுருவ நிற்கும். பின்னாலிருந்து வெயில் படும்போது நரம்புகள் ஒவ்வொன்றும் தெரியும். புதுச் சிறகில் இது ஒருபோதும் கிடைக்காது.

கிரிம்சன் ரோஸ் என்ற கறுப்பும் சிவப்புமான பெரிய பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் புழு ஆடுதின்னாப்பாளையைத் தின்று அதிலுள்ள நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்கிறது. அந்த நஞ்சு வளர்ந்த பூச்சிக்கும் வந்துவிடுவதால், ஒருமுறை கவ்விய பறவை அடுத்தமுறை அந்தச் சிவப்பைக் கண்டால் விலகிவிடுகிறது. நஞ்சே இல்லாத கொமன் மோர்மனின் பெண் பூச்சிகளில் ஒரு வகை இதே நிறங்களை அணிந்து பறவையை ஏமாற்றுகிறது. சிறகு புதிதாக இருக்கும்போதே பலர் இரண்டையும் மாற்றிச் சொல்வார்கள், நிறம் மங்கி வால் போன பிறகு கேட்கவே வேண்டாம். ஆனால் அண்மையில் எடுத்த படத்தில் ஐயமில்லை: கிரிம்சன் ரோசின் உடல் சிவப்பு, மோர்மனின் உடல் கறுப்பு.

முழுச் சிறகு வேண்டும் என்ற ஆசைதான் சிலரைக் குளிர்சாதனப் பெட்டிவரை கொண்டுபோகிறது. பிடித்து, குளிரில் வைத்து, மரத்துப்போனதும் எடுத்துப் பூவில் இருத்திப் படமெடுக்கிறார்கள். அந்தப் படங்களை எனக்குப் பெரும்பாலும் அடையாளம் தெரியும். கால்கள் பூவைப் பற்றியிருக்கமாட்டா, உணர்கொம்புகள் தொய்ந்திருக்கும், உறிஞ்சுகுழல் சுருண்டபடியே இருக்கும். அழகாக இருக்கலாம், ஆனால் அதை வளவில் கண்ட காட்சி என்று போடுவது பொய்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. 100 மில்லிமீற்றர் மக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லாதவர் பழைய 50 மில்லிமீற்றர் லென்சுக்கும் கமராவுக்கும் இடையே 25 மில்லிமீற்றர் நீட்சி வளையம் ஒன்றைப் பொருத்தினாலே பூச்சியின் உண்மை அளவில் பாதி அளவுக்கு உருவம் பதியும். உண்மை அளவிலேயே கண்ணையும் உறிஞ்சுகுழலையும் எடுக்கப் போனால், லென்சின் ஒளித்துளையை எஃப் 11 அளவுக்குச் சிறிதாக்கி வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஒன்றரை மில்லிமீற்றரைத் தாண்டாது. எனவே மூடிய சிறகுக்குச் சமாந்தரமாகக் கமராவைப் பிடிப்பதே பாதி வேலை. கைத்தொலைபேசிக்காரர்கள் மக்ரோ என்ற தெரிவை மறந்துவிடலாம். அதற்குப் பூச்சியின் மூக்கடிக்கே போகவேண்டும். சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு பெருக்கி எடுப்பது மேல்.

என் உண்மையான முறைப்பாடு வேறு. பூ முடிந்ததும் வளவை வழித்துக் கூட்டி நெருப்பு வைக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. வாடிய தேள்கொடுக்குச் செடியும் காய்ந்த கிலுகிலுப்பைச் செடியும் நமக்குக் குப்பை; நீல வரியும் காகக் கறுப்புமான பூச்சிகளின் ஆண்களோ, பெண்ணைக் கவரும் மணத்தை ஆக்கத் தேவையான பொருளை அந்தக் காய்ந்த தண்டிலிருந்துதான் உறிஞ்சுகின்றன. பூவே இல்லாத செடியில் அவை கூட்டமாகத் தொங்கும்போது, கமரா முகத்தில் முட்டும் தூரம்வரை போனாலும் சில வேளை அசைவதில்லை. வேலியோரத்து எருக்கலையும் அப்படித்தான்; அதை வெட்டினால் பிளெயின் டைகர் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு உணவில்லை.

பற்றை விட்டால் பாம்பு வரும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வெறும் பயமல்ல, புடையன் நடமாடும் மண் இது. ஆகவே வீட்டோடும் கிணற்றடியோடும் ஒட்டி எதையும் விடவேண்டாம். பின்வேலியோரம் இரண்டு பாகம் (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) அகலத்துக்கு மட்டும் பங்குனி முடியும்வரை கைவைக்காமல் விடுங்கள். படமெடுக்க அங்கே முழங்காலூன்றும் முன் நீண்ட தடியால் சருகைத் தட்டிப் பாருங்கள், முழங்கால்வரை சப்பாத்துப் போடுங்கள், குந்தியிருக்க ஒரு சின்னக் கதிரையையும் கொண்டுபோங்கள்.