மஞ்சள் சட்டைக்குப் பின்னால் ஏழு பேர்

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் முழுக்க முழுக்கத் தனியாளின் கால் பலம் என்று, அதில் பட்டம் வென்ற விங்கெகோரைப் பற்றிய கட்டுரை ஒன்று சொல்வதை ஏற்க முடியவில்லை. அணிக்கு எட்டுப் பேர். பட்டத்தையும் அதற்கான மஞ்சள் சட்டையையும் குறிவைக்கும் அணியில் மற்ற ஏழு பேரும் பெரும்பாலும் தலைவருக்காகவே மிதிக்கிறார்கள். எதிர்க்காற்றை முன்னால் போகிறவர் வாங்கிக்கொள்வதால்தான் ஒட்டிப் பின்னால் வருகிறவருக்குத் தெம்பு மிஞ்சுகிறது. அப்புறம், அணியின் காருக்குப் பின்வாங்கி, சட்டை முதுகுக்குள் தண்ணீர் பாட்டில்களைத் திணித்துக்கொண்டு மறுபடி கூட்டத்தைப் பிடிப்பதும் அவர்கள்தான். 2022-ல் ஒட்டகாம் மலையேற்றத்தையே பாருங்கள். அன்று வெகுதூரம் முன்னணிக் குழுவில் ஓட்டிய வவுட் வான் ஆர்ட், கடைசி ஏற்றத்தில் தன் அணித் தலைவர் விங்கெகோருக்காக வேகத்தைக் கூட்டியபோதுதான் அவருடைய முக்கியப் போட்டியாளர் பொகாச்சர் ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கினார். அன்றைய வெற்றியும் அந்த ஆண்டுப் பட்டமும் விங்கெகோருக்கு. விங்கெகோரைப் பற்றி இவ்வளவு எழுதிய கட்டுரையில் வான் ஆர்ட் பெயரே இல்லாதது பெரிய குறை.