பேர் போட்டால்தான் சம்பளம்

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவையில் நடந்த பழைய புகைப்படக் கண்காட்சி பற்றி நான் ஃபேஸ்புக்கில் போட்ட நாலு வரிக்குக் கீழே, கமெண்டுகளில், என்னவெல்லாம் நடந்தது என்று உங்களுக்கே தெரியும். தெரியாதவர்கள் போய்ப் படித்துவிட்டு வாருங்கள். எல்லாவற்றையும் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அந்த 37ஆம் எண் படத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட். பதினொரு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். தலையில் கம்பளி, இடுப்பில் படங்குச் சாக்கு, முதுகில் கூடை. கடைசியில் நிற்கிறவளின் இடது கால் கட்டைவிரலில் ஒரு துணி சுற்றியிருக்கிறது. அட்டைக்கடியோ, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டதோ. நான் அந்த விரலையே பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே அச்சடித்த அட்டை: 'தேயிலைத் தோட்டப் பெண்கள். பெயர் தெரியவில்லை.'

பக்கத்திலேயே 38. பங்களா படிக்கட்டில் துரை, காலடியில் நாய். கீழே துரையின் முழுப்பெயர், பதவி, எந்த வருஷம் வந்தார், எந்த வருஷம் போனார், எல்லாம் இருக்கிறது. கூடவே நாயின் பேரும் இருக்கிறது.

நாயின் பேர்.

இதைத்தான் எழுதினேன். 'நாய்க்குப் பேர் இருக்கிறது, பதினொரு பெண்களுக்கு இல்லை' என்று. அவ்வளவுதான். அதற்கு எனக்குக் கிடைத்த பட்டங்கள்: வன்மம் பிடித்தவள், வேலை செய்கிறவர்களைக் குறை சொல்பவள், எல்லாவற்றிலும் அரசியல் தேடுபவள். ரொம்ப நன்றிங்க.

முதல் கேள்விக்கு வருகிறேன். அதிகம் பேர் கேட்டது இதைத்தான். "அந்தக் காலத்துல கூலி ஆளுங்க பேரையெல்லாம் யாருங்க எழுதி வெச்சாங்க?"

யார் எழுதி வைத்தார்களா? எஸ்டேட்தான் எழுதி வைத்தது. தினமும் எழுதியது. விடியற்காலை பிரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி, ஒவ்வொருத்தராகப் பேர் கூப்பிட்டு, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பதிந்து, அப்புறம்தான் மலைக்கு அனுப்புவார்கள். பேர் விழுந்தால்தான் அன்றைக்குச் சம்பளம். இலங்கைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் பேரே 'பேர்'தான். கணக்குப்பிள்ளை சொன்ன ராத்தல் கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர். எதிர்த்துப் பேசினால் பேர் வெட்டு. ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணிக்குக் கூட எத்தனை தலை வேலைக்கு இறங்கியது என்று எண்ணித்தான் தலைக்காசு கொடுத்தார்கள். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த எங்கள் அப்பாயி, கீழே திருப்பூர் வந்து பதினைந்து வருஷம் கழிந்தும், பனியன் கம்பெனியிலிருந்து வரும் அப்பாவிடம் "இன்னிக்கு முழுப்பேரா?" என்றுதான் கேட்பாள். அப்பா "ஒன்றரை ஷிப்ட்" என்பார். அவளுக்கு அது ஒன்றரைப் பேர்.

ஆக, அந்தப் பதினொரு பேருக்கும் பேர் இருந்தது. எழுதவும் எழுதினார்கள். கூலி கணக்குப் போட எழுதினார்கள், கடன் கழிக்க எழுதினார்கள். படத்துக்குக் கீழே மட்டும் எழுதவில்லை. செக்ரோல் செல்லரித்துப் போயிருக்கலாம், அடுப்புக்குப் போயிருக்கலாம். அது எனக்கும் தெரியும். அப்படியென்றால் 'பெயர்ப் பதிவேடு கிடைக்கவில்லை' என்று எழுதுங்கள். 'நாங்கள் தேடவில்லை' என்று எழுதினால் இன்னும் நேர்மை. 'தெரியவில்லை' என்று போடும்போது, ஏதோ அவர்கள் பேரே இல்லாமல் பிறந்து பேரே இல்லாமல் கொழுந்து பறித்துவிட்டுப் போனவர்கள் போல ஆகிவிடுகிறது.

"கண்காட்சி நடத்துறவங்க சொந்தக் காசு போட்டு, ராத்திரி பகலா உழைச்சிருக்காங்க" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். உண்மை. அந்த உழைப்பை மதிக்கிறேன். மதித்தாயிற்று, மேலே போகலாம்.

இது இங்கே மட்டும் நடப்பதில்லை. கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளாட்டே ஸ்டூடியோ அச்சடித்து விற்ற அஞ்சலட்டைகளை இணையத்தில் தேடிப் பாருங்கள். கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண், தமிழ்ச் சிறுமி, இப்படித்தான் தலைப்பு. கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் வாங்கி ஊருக்குத் தபால் போட்டார்கள். அதற்கும் முன்னால், ஜூலியா மார்கரெட் கேமரன். இங்கிலாந்தில் டார்வினையும் டென்னிசனையும் படம் எடுத்துப் புகழ் பெற்ற அம்மா. 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879இல் அங்கேயே இறந்தார். அங்கேயும் படம் எடுத்தார். டார்வின் படத்தில் டார்வின் பேர் இருக்கிறது. இலங்கைத் தோட்டத்து முகங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பேர் இல்லை. கை அதே கை, கேமராவும் அதே கேமராதான்.

அமெரிக்காவில் 1936இல் டொரோத்தியா லாங்கே எடுத்த அந்தப் படம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். பட்டாணி பறிக்கப் போன இடத்தில், கூடாரத்தில், கன்னத்தில் கை வைத்து எங்கேயோ பார்க்கும் தாய், தோளில் முகம் புதைத்த இரண்டு பிள்ளைகள். உலகத்திலேயே அதிகம் அச்சான படங்களில் அதுவும் ஒன்று. லாங்கே அந்த அம்மாவின் பேரைக் கேட்கவே இல்லை. அதை அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 1978இல்தான் அவர் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று ஊருக்குத் தெரிந்தது. அந்தப் படத்தால் எனக்கு ஒரு காசு பிரயோஜனமில்லை என்று அவர் வருத்தப்பட்டார். அவர் செரோக்கி பழங்குடி என்பதே அதன் பிறகுதான் வெளியே வந்தது. எத்தனை பேர் எத்தனை புத்தகத்தில் அந்த முகத்துக்கு என்னென்ன கதை கட்டினார்களோ.

"அப்போ எங்கயுமே பேர் எழுதலைன்னு நீங்களே சொல்றீங்களே அம்மணி" என்பீர்கள். இருங்கள். மொரீசியஸ் இருக்கிறது. 1834இலிருந்து நாலரை லட்சம் பேர் வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போன தீவு. நம்மாட்களும் அதில் உண்டு. அங்கே 1860களில் கூலிகளைப் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். பாசத்தில் இல்லை. ஒருத்தர் அடையாளச் சீட்டை இன்னொருத்தர் காட்டித் தப்பிக்காமல் இருக்க. படத்தோடு பேர், எண், ஊர், தகப்பன் பேர். கட்டுப்படுத்த எழுதினார்கள். ஆனால் எழுதினார்களே! அந்த ஏடுகள் இன்றைக்கு மோக்காவில் மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் இருக்கின்றன. கொள்ளுப் பேரன் பேத்திகள் போய் உட்கார்ந்து தங்கள் ஆட்களைத் தேடி எடுக்கிறார்கள். ஆளைப் பிடிக்க எழுதிய பேர் இன்றைக்கு ஆளைச் சேர்த்துவைக்கிறது. வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன், அந்தக் கெட்டவர்கள் செய்த வேலையைக்கூட இந்த நல்லவர்கள் செய்யவில்லை.

சரி, எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்று கேட்பவர்களுக்கு.

எங்கள் வீட்டில் அப்பாயி இருக்கும் படம் ஒன்றே ஒன்றுதான். இலங்கை மலைநாட்டு அட்டனில் ஒரு ஸ்டூடியோவில், இந்தியாவுக்குப் போகும் காகிதத்துக்காக எடுத்தது. இலங்கைத் தோட்டத் தமிழர்களைப் பங்கு பிரிக்க, இரண்டு நாட்டுப் பிரதமர்களும் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தை 1964இல் போட்டார்கள். ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் அங்கேயே, மீதி ஒன்றரை லட்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். மனிதர்களைத்தான் சொல்கிறேன், தேயிலைப் பெட்டியை அல்ல. அதில் எங்கள் வீட்டுப் பங்கு ஆறு பேர். படத்தில் தாத்தா போட்டிருக்கும் கோட்டு ஸ்டூடியோக்காரருடையது. கை நீளம் அதிகம், விரல் நுனி மட்டும்தான் தெரியும். அப்பாயி கழுத்தில் இருப்பது பக்கத்து லயத்து அக்காவின் சங்கிலி. அவள் மடியில் ஒரு வெள்ளைக் கலங்கல். அது கைக்குழந்தை. படம் எடுக்கும் நேரத்தில் தலையை ஆட்டிவிட்டது. இலங்கையிலிருந்து வருகிறவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமுக்கு வந்து, அங்கிருந்து கோத்தகிரிக்குப் போன முதல் குளிரில் அந்தக் குழந்தை போய்விட்டது. எங்கள் சின்ன அத்தைக்கு இந்த உலகத்தில் இருக்கும் முகம் அந்தக் கலங்கல்தான்.

ஆனால் படத்தின் பின்னால் தாத்தா பென்சிலில் ஆறு பேரையும் எழுதியிருக்கிறார். கலங்கலுக்கு நேராகவும் எழுதியிருக்கிறார். அதனால்தான் எங்களுக்கு அது அத்தை. இல்லாவிட்டால் அது ஒரு பிசகு. இந்தப் பக்கத்தில் அந்தப் பேர்களை நான் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். நாளைக்கு அந்தப் படம் யார் கையிலாவது சிக்கி, 'தாயகம் திரும்பிய குடும்பம், பெயர் தெரியவில்லை' என்று ஏதோ ஒரு மண்டபத்தில் தொங்கினால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

'தாயகம் திரும்பியோர்' என்ற வார்த்தையே எனக்குச் சிரிப்பு. அப்பாயி பிறந்தது அட்டன் பக்கம். அவள் அம்மா பிறந்ததும் அங்கேதான். எங்கே திரும்பினாளாம்? அது தனிப் பதிவு, இன்னொரு நாள்.

இப்போது பெரியவர் ஒருவரின் கருத்து. நான் மதிக்கிறவர், அதனால்தான் வலிக்கிறது. "அம்மணி, நீங்க சொல்றது சரிங்க. ஆனா அவங்கல்லாம் பொழைக்க வந்தவங்கதானுங்க. இது நம்ம ஊரு வரலாறுங்க."

ஐயா, வால்பாறைக்கு மலையேறிப் போனவர்களில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து ஆட்களும் உண்டு. அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி உங்கள் ஊர்க்காரியாகவும் இருக்கலாம். பேர் எழுதியிருந்தால் தெரிந்திருக்கும்! அப்புறம், நம்ம ஊர் என்பது எந்த ஊர்? 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்த பிறகு இந்தக் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தவர்களை எல்லாம் கழித்துவிட்டுப் பாருங்கள், எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று. வீட்டில் கன்னடம் பேசும் தேவாங்கர் அதற்கும் முன்பே வந்தவர்கள். அப்புறம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த மலையாளிகள், பஞ்சு வியாபாரத்துக்கு வந்த குஜராத்திகள். கணவாய்க் காற்று எங்களுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்கிற நாம் அந்தக் கணவாயில் வந்த ஆளை மட்டும் வந்தவர் என்கிறோம். திருப்பூரைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

நடுவில் ஒரு புண்ணியவான் அந்த 37ஆம் படத்தை ஏஐயில் கொடுத்துக் கலர் போட்டுக் கமெண்டில் ஒட்டியிருந்தார். பதினொரு பேரும் சிவப்பாகிவிட்டார்கள். பல் வரிசையாகிவிட்டது. கம்பளி கிளிப்பச்சை. கட்டைவிரல் துணியைக் காணோம், விரல் சுத்தமாக இருக்கிறது. பேர்தான் இல்லை என்றால், புண்ணையும் எடுத்துவிட்டீர்களா?

கடைசியாக ஒன்று. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒருத்தர் என் பக்கத்தைத் தோண்டி, 2016 ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் எடுத்த படத்தை வெளியே எடுத்துப் போட்டார். இருபது பேர் நிற்கிறோம். பதினொரு பேரை டேக் செய்து, கடைசியில் நான் எழுதியிருக்கிறேன்: 'மற்றும் நம்ம வடக்குப் பசங்க.' சிரிப்புப் பொம்மை வேறு. "இவங்க பேர் தெரியலையாக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

அது வேறு, இது வேறு. அது கண்காட்சி இல்லை, ஃபேஸ்புக். அவர்களில் பாதிப் பேருக்கு அப்போது கணக்கே கிடையாது, யாரை டேக் செய்வது? தவிர, நான் அவர்கள் ஆதார் நகலை எல்லாம் கோப்பில் வைத்திருப்பவள், எனக்குப் பேர் தெரியாதா? இப்படித்தான் முதலில் பதில் எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன். அழித்ததற்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பீர்கள், வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று டீ நேரத்தில் அந்தப் படத்தை போனில் எடுத்துக்கொண்டு செக்கிங் பகுதிக்குப் போனேன். அப்போதிலிருந்து எங்களோடு இருக்கும் ஒடிசாப் பையன் ஒருவன் இருக்கிறான். பையன் என்றா எழுதினேன்? முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், அவருடைய மகள் இங்கே தமிழ் மீடியத்தில் நாலாவது படிக்கிறாள். கைமடியாக, அதாவது உதவியாளாக, சேர்ந்து இன்றைக்கு ஒரு டேபிளைப் பார்த்துக்கொள்பவர். போனை வாங்கிப் பெரிதாக்கி, ஒவ்வொரு முகமாக நகர்த்தினார். நான் பேனாவும் ஆர்டர் ஷீட்டின் பின்பக்கமுமாக நின்றேன். ஒன்பதில் ஏழு பேரின் பேரைச் சொன்னார், ஊரோடு. ஒருத்தர் இப்போது சூரத்தில் இருக்கிறாராம். இங்கே போட மாட்டேன், முதலில் அவர்களைக் கேட்க வேண்டும்.

எட்டாவது முகத்தில் நின்றார். "மேடம், இவன் நல்லாப் பாடுவான். ரூம்ல நைட்டு எல்லாரும் கேப்போம்." பேர் வரவில்லை. ஒன்பதாவது ஆள், நெற்றியில் பெரிய சந்தனத்தோடு என் பக்கத்திலேயே நிற்கிறவர். "கொஞ்ச நாள்தான் இருந்தான்" என்றார்.

2016 வருகைப் பதிவேட்டில் இருக்குமே என்று அக்கவுண்ட்ஸில் கேட்டேன். பழைய பதிவேடு எல்லாம் பேக்கிங் ரூம் பரணில் இருக்கிறது என்றார் ஒருவர். இல்லை, போன தீபாவளிக்குச் சுத்தம் பண்ணும்போது பேப்பர்காரருக்கு எடை போட்டாச்சு என்றார் இன்னொருவர். வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட் முடிந்ததும் ஏணி போட்டு ஏறிப் பார்க்கிறேன்.