கிரெடிட் மாற வேண்டுமென்றால் தேர்விலிருந்து தொடங்குங்கள்

திறந்தநிலை இணையப் பாடம் ஒன்றை முடித்தவர், அதற்கான கிரெடிட்டை (படிப்பின் அளவைக் காட்டும் புள்ளி) தன் பட்டப்படிப்பில் சேர்க்கும்படி வேறொரு பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்கிறார். விண்ணப்பம் ஒரு துறைப் பேராசிரியரின் மேசைக்குப் போகிறது. பாடத்தின் வீடியோக்களை அவர் பார்க்கப்போவதில்லை. அவர் கையில் இருப்பது ஒரு சான்றிதழ், ஒன்றிரண்டு பக்கப் பாடத்திட்டம், சில சமயம் ஒரு மதிப்பெண், அவ்வளவுதான். அவற்றில் அவர் தேடும் விடைகள் நான்கு. இதற்கு எத்தனை மணி நேர உழைப்பு ஆனது? பட்டப்படிப்பின் எந்த நிலைக்கு இது சமம்? முடித்தவருக்கு என்ன செய்யத் தெரியும்? தேர்வு எழுதியது இவர்தானா? ஒன்றுக்கு விடை இல்லை என்றாலும் 'ஏற்க இயலாது' என்று எழுதிவிடுவார். அவர் இடத்தில் இருந்து பார்த்தால் அது நியாயமான முடிவுதான்.

கிரெடிட் மாற்றம் தோற்கும்போதெல்லாம் ஏற்க மறுக்கும் நிறுவனத்தைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. பிடிவாதம் அங்கே உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான பாடங்கள் மறுக்கப்படுவதற்கான காரணம் வடிவமைப்பு மேசையிலேயே உருவாகிவிடுகிறது. முதலில் வீடியோ, பிறகு வினாடிவினா, பிறகு சான்றிதழ், எல்லாம் வெளியான பின் 'இதற்குக் கிரெடிட் வாங்கித் தர முடியுமா?' என்ற கேள்வி. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு.

நேரக் கணக்கில் தொடங்குவோம், ஏனென்றால் பல விண்ணப்பங்கள் விழுவது இங்கேதான். 'வாரம் 4 முதல் 6 மணி நேரம், 6 வாரங்கள்' என்று பாடப் பக்கத்தில் போட்டிருக்கும். அது 24 மணியா, 36 மணியா? ஏற்பவரால் இதை வைத்து எதுவும் செய்ய முடியாது. ஐரோப்பிய நாடுகளின் பொதுக் கிரெடிட் முறையான ஈசிடிஎஸ் முறையில் ஓராண்டு முழுநேரப் படிப்பு 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரக் கற்றல். பிரிட்டனிலும் நியூசிலாந்திலும் ஒரு கிரெடிட் 10 மணி, ஆண்டுக்கு 120 கிரெடிட். அமெரிக்காவில் வாரத்துக்கு ஒரு மணி வகுப்பும் வெளியே இரண்டு மணி உழைப்பும் ஏறக்குறைய 15 வாரம் சேர்ந்தால் ஒரு கிரெடிட், அதாவது சுமார் 45 மணி. இந்தியாவின் தேசியக் கிரெடிட் சட்டகம் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி என்கிறது.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். 30 மணி நேரத் துண்டு கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் பொருந்துகிறது. ஈசிடிஎஸ் முறையில் 1, பிரிட்டனிலும் நியூசிலாந்திலும் 3, இந்தியாவில் 1. அப்படி ஐந்து துண்டுகள் சேர்ந்தால் 150 மணி. அது பிரிட்டனில் 15 கிரெடிட் பாடம், ஐரோப்பாவில் 5 அல்லது 6, அமெரிக்காவில் 135 மணிக்கான 3 கிரெடிட்டும் 15 மணி மிச்சமும். ஆகவே என் பரிந்துரை: முழுப்பாடத்தை 150 மணிக்குத் திட்டமிட்டு, 30 மணித் துண்டுகளாக வெட்டுங்கள். 100 மணி, 80 மணி என்று கைக்கு வந்தபடி வைத்தால் எந்தப் பல்கலைக்கழகத்தின் பாடத்துக்கும் அது ஈடாகாமல் அந்தரத்தில் நிற்கும். 30 மணிக்குக் கீழே வெட்டுவதையும் நான் ஆதரிக்கவில்லை. 8 மணி, 10 மணித் துணுக்குகளைச் சரிபார்க்க ஏற்பவருக்கு ஆகும் நேரம், அதனால் மாணவருக்குக் கிடைக்கும் பலனைவிட அதிகம்.

30 மணியை நிரப்புவதும் ஒரு கணக்குதான். இரண்டரை மணி நேர வீடியோ என்றால் நிறுத்தி, திரும்பப் பார்த்து, குறிப்பெடுக்க 5 மணி. கவனமாகப் படிக்க வேண்டிய 80 பக்கப் பாடநூல் பகுதிக்கு, மணிக்கு 10 பக்கம் வீதம் 8 மணி. பயிற்சிக் கணக்குகளும் செய்முறைகளும் 9 மணி. மதிப்பீட்டுக்குத் தயாராவதும் எழுதுவதும் 8 மணி. இந்தப் பிரிப்பை அப்படியே பாடத்திட்டத்தில் அச்சிடுங்கள். வீடியோ நீளத்தை மட்டும் கூட்டி 'இது இரண்டரை மணி நேரப் பாடம்' என்று ஒரு பேராசிரியர் தள்ளிவிடாமல் இருக்க இது ஒன்றே வழி. பாடம் நடக்கும் மொழி தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு வாசிப்பு வேகம் குறையும். சோதனை ஓட்டத்தில் அத்தகையவர்கள் சிலரையாவது சேர்த்து, எடுத்த நேரத்தைக் கேட்டு எழுதி, கணக்கைத் திருத்துங்கள்.

நிலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'அறிமுகப் புள்ளியியல்' என்ற தலைப்பில் பள்ளி இறுதிப் பாடமும் உண்டு, பட்டப்படிப்பு முதலாண்டுப் பாடமும் உண்டு. கல்வித் தகுதிகளை நிலைவாரியாக வரிசைப்படுத்தும் ஐரோப்பியத் தகுதிச் சட்டகத்தின் எட்டு நிலைகளில் இளநிலைப் பட்டம் 6ஆம் நிலை. நியூசிலாந்துச் சட்டகத்தில் பட்டப்படிப்பின் முதலாண்டு 5ஆம் நிலை. எந்தச் சட்டகம், எந்த நிலை என்று ஒரு வரியில் குறிப்பிட்டு, அந்த நிலைக்குரிய வரையறையோடு உங்கள் மதிப்பீட்டுக் கேள்விகளை ஒப்பிட்டுப் பாருங்கள். வரையறை 'பழக்கமில்லாத சூழலில் தீர்வு காண்பார்' என்று கேட்கும்போது உங்கள் கேள்விகள் எல்லாம் மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதாக இருந்தால், நீங்கள் போட்ட எண்ணுக்கு மதிப்பில்லை.

இப்போது மையத்துக்கு வருகிறேன். நிறுவனத்திலிருந்து நிறுவனத்துக்கு மாறிச் செல்வது பாடப்பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். மாறிச் செல்வது சான்று. மாணவர் எதைச் செய்து காட்டினார், யார் பார்த்தார்கள், எந்த அளவுகோலில் மதிப்பிட்டார்கள் என்ற பதிவு. அதனால் முதலில் எழுத வேண்டியது கற்றல் விளைவுகளும் (முடித்தவர் எதைச் செய்து காட்டுவார் என்ற வரிகள்) இறுதி மதிப்பீடும். 150 மணிப் பாடத்துக்கு 4 முதல் 6 விளைவுகள் போதும். 'கருதுகோள் சோதனையைப் புரிந்துகொள்வார்' என்பதை எந்தப் பேராசிரியராலும் சரிபார்க்க முடியாது. 'இரு குழுக்களின் சராசரி வேறுபாட்டுக்கு ஏற்ற சோதனையைத் தேர்ந்து, மென்பொருளில் நடத்தி, முடிவையும் அதன் வரம்பையும் 300 சொற்களில் எழுதுவார்' என்றால் அவர் தன் துறைப் பாடத்தோடு உடனே ஒப்பிட்டுவிடுவார்.

ஒவ்வொரு விளைவுக்கும் எதிரே அதை அளக்கும் மதிப்பீடு, அதன் எடை, தேர்ச்சி எல்லை ஆகியவற்றை ஒரே பக்க அட்டவணையில் போடுங்கள். எந்த விளைவுக்காவது எதிரே பலவுள் தெரிவுக் கேள்விகள் மட்டும் இருந்தால் அந்த இடத்தில்தான் பாடம் அடிபடும். இந்த அட்டவணையோடு, பெயர் நீக்கிய மூன்று மாதிரி விடைத்தாள்களையும் இணைத்து வையுங்கள்: எல்லைக்கோட்டில் தேறியது, நடுத்தரம், சிறப்பு. ஒரு நிறுவனத்தின் தரத்தை இன்னொரு நிறுவனம் நம்புவதற்கு, எல்லைக்கோட்டில் தேறிய அந்த ஒரு தாள் பத்துப் பக்க விளக்கத்தைவிட உதவும்.

துண்டு துண்டாக முடித்தவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஐந்து 30 மணித் துண்டுகளிலும் தேறியவர், 150 மணிப் பாடத்தில் தேறியவருக்குச் சமமா? பல துறைகளில் இல்லை. தரவைச் சேகரிப்பது ஒரு துண்டு, அதற்கு ஏற்ற கணித மாதிரியை உருவாக்குவது ஒரு துண்டு என்று தனித்தனியே தேறியவர், முழுச் சிக்கல் ஒன்றைத் தந்தால் எங்கே தொடங்குவது என்று தடுமாறலாம். ஐந்தாம் துண்டின் மதிப்பீட்டை மற்ற நான்கையும் இணைக்கும் ஒரு செயல்திட்டமாக வைத்தால், ஏற்பவரின் முக்கியமான ஆட்சேபம் தீர்ந்துவிடும்.

அடையாளச் சரிபார்ப்பில் மென்மையாக நடந்துகொள்வது மாணவருக்கே கேடு. எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம், 60 சதவீதம் எடுத்தால் போதும், யார் எழுதினார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை என்ற வினாடிவினாவைக் கற்றலுக்குப் பயன்படுத்துங்கள், கிரெடிட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். மொத்த மதிப்பெண்ணில் குறைந்தது 60 சதவீதம் கண்காணிக்கப்பட்ட தேர்விலிருந்து வரட்டும். அந்தத் தேர்வில் தனியே தேற வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கட்டும். அது தேர்வு மையமாகவோ கேமரா வழிக் கண்காணிப்பாகவோ இருக்கலாம். வீட்டில் செய்து அனுப்பும் செயல்திட்டத்துக்கு 15 நிமிட வாய்மொழித் தேர்வைக் கட்டாயமாக்குங்கள். உரைகளை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின், வாய்மொழித் தேர்வு இல்லாத கட்டுரை மதிப்பீட்டை எந்தத் துறையும் முழுமனதோடு ஏற்காது. 200 பேருக்கு 15 நிமிடம் என்றால் 50 மணி நேர ஆசிரியர் உழைப்பு. இந்தச் செலவைத் திட்டத்திலேயே ஒதுக்காத பாடங்கள் பிறகு இதைத்தான் முதலில் வெட்டுகின்றன.

'திறந்தநிலை' என்றால் தேர்வும் திறந்திருக்க வேண்டும் என்று வாதிடுபவர்கள் உண்டு. பாடப்பொருள், பயிற்சிகள், மதிப்பீட்டு அளவுகோல் எல்லாம் திறந்திருக்கட்டும். இறுதித் தேர்வின் கேள்வி வங்கி மட்டும் பூட்டப்பட்டிருக்க வேண்டும். நியூசிலாந்தின் டனீடனில் 2011இல் திட்டமிடப்பட்ட, திறந்த பாடங்களைச் சேர்ந்து வழங்கும் கல்வி நிறுவனங்களின் ஓஇஆர்யு கூட்டமைப்பு இந்தப் பிரிப்பின் மேல்தான் கட்டப்பட்டது: படிப்பது யாருக்கும் இலவசம், கிரெடிட் வேண்டுபவர் மட்டும் பங்காளி நிறுவனம் ஒன்றில் கட்டணம் செலுத்தி மதிப்பீட்டுக்கு உட்பட வேண்டும் என்பது அதன் திட்டம். கற்பித்தலையும் மதிப்பிடுதலையும் வெவ்வேறு கைகளில் கொடுக்கலாம் என்ற அந்த எண்ணம் இன்றும் இந்தத் துறையின் மிகப் பயனுள்ள எண்ணம் என்பேன்.

உரிமத்திலும் முன்கூட்டியே கவனம் வேண்டும். ஏற்கும் நிறுவனம் உங்கள் பாடத்தைத் தன் மாணவருக்கு ஏற்ப மாற்றி நடத்த விரும்பலாம். படைப்பைப் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் 'வழிப்படைப்புக்கு அனுமதியில்லை' என்ற நிபந்தனை இருந்தால் மாற்றியதை வெளியிட முடியாது. 'வணிகமல்லாத பயன்பாடு' என்று போட்டால், கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகம் அதைத் தொடலாமா என்று அதன் சட்டப் பிரிவு மாதக்கணக்கில் யோசிக்கும். 'அதே உரிமத்தில் பகிர்க' என்ற பொருளையும் 'வணிகமல்லாத, அதே உரிமத்தில் பகிர்க' என்ற பொருளையும் ஒன்றாகக் கலந்து புதிய பாடம் செய்யவே முடியாது. பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற எளிய உரிமமே இந்த வேலைக்கு ஏற்றது. விலைக்கு வாங்க வேண்டிய பாடநூலைக் கட்டாயமாக்கிவிட்டு உரிமத்தை மட்டும் திறந்து வைத்தால் பலனில்லை.

அதிகம் பேசப்படாத, ஆனால் மாணவரைக் கடுமையாகத் தாக்கும் ஒன்று: பதிப்பு. 2021இல் முடித்தவர் 2026இல் விண்ணப்பிக்கிறார். சான்றிதழில் உள்ள இணைப்பைத் திறந்தால் அங்கே இருப்பது ஐந்தாண்டுகளில் இருமுறை மாற்றப்பட்ட பாடம், அல்லது வெற்றுப் பக்கம். அவர் படித்தது எது என்று காட்ட வழியில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் குறியீட்டோடு பதிப்பு எண் கொடுங்கள். விளைவுகளோ மதிப்பீட்டு எடையோ மாறினால் புதிய எண். பழைய பதிப்பின் பாடத்திட்டம், அட்டவணை, மணிக்கணக்கு மூன்றையும் நிலையான முகவரியில் குறைந்தது 10 ஆண்டுகள் வைத்திருங்கள். சான்றிதழிலேயே பதிப்பு எண், நிலை, மணி, கிரெடிட், அடையாளம் சரிபார்த்த முறை, மதிப்பெண், அந்த வகுப்பின் மதிப்பெண் பரவல் (எத்தனை பேர் எந்த மதிப்பெண் எடுத்தார்கள் என்பது) எல்லாம் இருக்கட்டும். '72' என்ற எண் ஓரிடத்தில் சிறப்பு, இன்னோரிடத்தில் சுமார். பரவல் இருந்தால்தான் ஏற்பவர் அதைத் தன் முறைக்கு மாற்ற முடியும். ஈசிடிஎஸ் வழிகாட்டி மதிப்பெண் பரவல் அட்டவணையைப் பரிந்துரைப்பதும் இதற்காகத்தான்.

இனி ஒப்பந்தம். பரிந்துரை வேறு, ஏற்பு வேறு. 2013 பிப்ரவரியில் அமெரிக்கக் கல்விக் கவுன்சில், இணையப் பாடத் தளமான கோர்சேராவின் 5 பாடங்களைக் கிரெடிட்டுக்குப் பரிந்துரைத்தபோது பெரிய வரவேற்பு இருந்தது. ஆனால் அந்தப் பரிந்துரை எந்தக் கல்லூரியையும் கட்டுப்படுத்தவில்லை. முடிவு ஒவ்வொரு கல்லூரியின் கையில்தான் இருந்தது. உயர்கல்வித் தகுதிகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்பது பற்றிய, 1997ஆம் ஆண்டின் லிஸ்பன் உடன்படிக்கை, கணிசமான வேறுபாடு இருப்பதைக் காட்டும் பொறுப்பை மறுக்கும் தரப்பின் மேல் வைக்கிறது. 2019இல் ஏற்கப்பட்டு 2023 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த, அதே பொருள் பற்றிய யுனெஸ்கோவின் உலகளாவிய உடன்படிக்கை, பகுதியளவுப் படிப்பையும் மரபுசாராக் கற்றல் முறைகளையும் கணக்கில் எடுக்கிறது. இவை வாதிட வலுத் தரும். ஆனால் ஒரு மாணவரின் பட்டப்படிப்பு ஓர் அரையாண்டு குறைவதை உறுதி செய்வது, இரு துறைகளுக்கு இடையே கையெழுத்தான ஒரு தாள்தான்.

அந்தத் தாளில் 'கிரெடிட் ஏற்கப்படும்' என்று மட்டும் இருந்தால் ஏமாந்துவிடுவோம். எந்தப் பாடக் குறியீட்டுக்கு எந்தப் பாடக் குறியீடு, எந்தப் பதிப்பு முதல், குறைந்தபட்ச மதிப்பெண் என்ன, முடித்து எத்தனை ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், மொத்தம் எத்தனை கிரெடிட் வரை வெளியிலிருந்து கொண்டுவரலாம், எப்போது மறுபரிசீலனை என்பதெல்லாம் அதில் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், அது கட்டாயப் பாடமாகக் கணக்கில் வருமா, விருப்பப் பாடமாகவா என்பது. 'ஏற்றுக்கொண்டோம்' என்று சொல்லி, பட்டத்துக்குத் தேவைப்படாத விருப்பப் பாடமாக எழுதிவிட்டால், மாணவர் அதே புள்ளியியலைத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். காகிதத்தில் கிரெடிட் கூடும், படிப்புக் காலம் ஒருநாளும் குறையாது. கிரெடிட் மாற்றத்தில் மிக வேதனையான நிலை இதுதான், ஏனென்றால் புள்ளிவிவரத்தில் இது வெற்றியாகப் பதிவாகிறது.

இதைத் தவிர்க்க, பாடத்தை எழுதும் முன்பே ஏற்கக்கூடிய இரண்டு மூன்று நிறுவனங்களின் கட்டாயப் பாடத்திட்டங்களை எடுத்து, தலைப்பு வாரியாக ஒப்பிட்டு, பொதுவானதை முதன்மைப் பாடமாக்குங்கள். ஒரு நிறுவனம் மட்டும் கேட்கும் தலைப்புகளை 8 முதல் 10 மணி நேரத்தில் முடியும் இணைப்புப் பகுதிகளாகத் தனியே எழுதுங்கள். இவற்றுக்குத் தனிக் கிரெடிட் கிடையாது; அடுத்த பாடத்தின் முன்தேவையை நிறைவு செய்யத்தான். அந்த நிறுவனங்களில் உள்ள துறைப் பேராசிரியர் ஒருவரை வரைவு நிலையிலேயே மதிப்பாய்வாளராக அழையுங்கள். அட்டவணையைத் தானே திருத்தியவர், பிறகு அதே அட்டவணை விண்ணப்பத்தோடு வரும்போது அதை அந்நியமாகப் பார்க்க மாட்டார்.

பாடம் வெளியான பின் வரும் மறுப்புகளை ஒரு பதிவேட்டில் சேருங்கள்: எந்த நிறுவனம், எந்தப் பதிப்பு, நான்கு கேள்விகளில் எதில் தடை, என்ன காரணம் எழுதினார்கள். 'உள்ளடக்கம் போதாது' என்று பொதுவாக எழுதியிருந்தால், எந்தத் தலைப்பு என்று மாணவர் சார்பில் பாடத்தை நடத்தும் நிறுவனமே கேட்க வேண்டும். தனி மாணவர் கேட்டால் பதில் வருவது அரிது. ஒரே தடை மூன்று இடங்களிலிருந்து வந்தால் அடுத்த பதிப்பில் அதைத் திருத்துங்கள். ஏற்கெனவே தேறியவர்களுக்கு அந்தக் குறையை மட்டும் நிறைவு செய்யும் துணை மதிப்பீடு ஒன்றையும் நடத்துங்கள், அதுவும் கட்டணமில்லாமல்.